56 டன்னோடு வேன் ரீனன் கணவாய் ஏறும் லாரி எஞ்சின்: டியூனிங் எதுவரை தாங்கும்?

டர்பன், மேடன் வார்ஃப்:
13 லிட்டர் எஞ்சின், இன்டர்லிங்க் (இரண்டு பெட்டி இணைந்த) டிரெய்லர், மொத்த எடை 56 டன். டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலைத் தடம். எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றி 480 குதிரைத்திறனை 560 ஆக்கலாம் என்கிறார் டியூனர். ஆயுள் குறையாமல் எதுவரை போகலாம்? இப்படி டியூன் செய்த வண்டிகளைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
560 வேண்டாம் அண்ணே. அது ஏறக்குறைய 17 சதவீதம் கூடுதல் டீசல். கடலோரத்தில் 101 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் ஜோகன்னஸ்பர்க்கில் 83 அளவுக்கு இறங்கிவிடும். டீசலைக் கூட்டிய அதே தடத்தில் காற்று குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். டர்பனில் டைனோ (திறன் அளக்கும் மேடை) மீது நன்றாக ஓடிய ஃபைல் (டியூனரின் சாஃப்ட்வேர்), உயரத்தில் இருக்கும் ஹாரிஸ்மித் தாண்டியதும் டர்போவின் வேக வரம்பைத் தொடுவது இதனால்தான்.

எனவே குதிரைத்திறனைப் பேசுமுன் எக்ஸாஸ்ட் (வெளியேறும் புகை) சூட்டைப் பேசுங்கள். முழுச் சுமையோடு நீண்ட ஏற்றத்தில், டர்போவுக்கு முன்னால் 650 டிகிரி செல்சியஸ் என்றால் நிம்மதி. 700 என்பது சில விநாடிகளுக்கு மட்டும். எஃகு பிஸ்டன் அதற்கு மேலும் தாங்கலாம். எக்ஸாஸ்ட் வால்வும் டர்பைனும் தாங்காது. மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்) வெடிப்பும் அங்கிருந்துதான் தொடங்கும். டர்போவுக்குப் பின்னால் மீட்டர் வைத்துவிட்டு 550 தானே என்று ஓட்டுகிறார்கள். அங்கே முன்பக்கத்தைவிட 100 முதல் 150 டிகிரி வரை குறைவாகத்தான் காட்டும்.

சூடு அளக்கும் சென்சாருக்குத் துளை போடுவதென்றால் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டே போடுங்கள். வண்டியிலேயே வைத்துத் துளைத்தால், ட்ரில் முனையில் எவ்வளவு கிரீஸ் பூசினாலும் ஒரு துகளாவது உள்ளே விழும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் அது டர்பைன் இறக்கையில் போய் அடிக்கும். மூன்று மூன்று சிலிண்டராகப் பிரிந்த மேனிஃபோல்டானால் இரு பக்கமும் ஒவ்வொரு சென்சார் வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் மறுபக்கத்தில் ஒழுகும் இன்ஜெக்டர் (டீசல் பீய்ச்சும் கருவி) கண்ணுக்குப் படாது.

சாட்ஸ்வர்த்:
டியூனுக்கு முன் பூஸ்ட் லீக் (டர்போ அழுத்திய காற்று எங்காவது கசிகிறதா என்று) பார்த்தீர்களா? டர்போ வாயை அடைத்து, 1.5 பார் காற்றை ஏற்றி, ஹோஸ் கிளாம்ப், இன்டர்கூலர் ஓரத் தையல் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அடைப்பானைச் சங்கிலியால் கட்டாமல் முன்னால் நிற்காதீர்கள், பீரங்கி மாதிரி பறக்கும். "இழுக்கவில்லை, டியூன் பண்ணுங்கள்" என்று வரும் ஹார்ஸ்களில் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) இன்டர்கூலர் வெடிப்புதான் அதிகம் கிடைக்கிறது. அதைச் சரிசெய்தாலே கேட்ட இழுவை வந்துவிடும், சூடும் இறங்கும்.

டோங்காட்:
பிளக் செய்து மாட்டும் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. ரயில் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் உயரழுத்தக் குழாய்) பிரஷர் குறைவாக இருப்பதாக ஈசிஎம்முக்குப் (எஞ்சினின் கணினி) பொய் சொல்வதுதான் அதன் வேலை. ஈசிஎம் பிரஷரைக் கூட்டும், மீட்டருக்கு அது தெரியாது. முதலில் ரயிலின் ரிலீஃப் வால்வு ஒழுகத் தொடங்கும், அப்புறம் இன்ஜெக்டர்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அதை ஒத்துக்கொள்கிறேன். நல்ல ஃபைல் என்றால் 8, 10 சதவீதத்தோடு நிற்கும். 1,100 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கைத் (சுழற்று விசை) தொடாது. கீழ் கியர்களில் கம்பெனி வைத்த வரம்பை அப்படியே விட்டுவைக்கும், கிளட்ச்சும் டிஃப்பும் (பின் அச்சின் டிஃபரன்ஷியல்) அதை நம்பித்தான் இருக்கின்றன. உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் அட்டவணையைத் துடைக்காது. டியூனரிடம் இவற்றையெல்லாம் கேளுங்கள். "புகை கொஞ்சம் வரும், பரவாயில்லை" என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

டைமிங்கை (டீசல் பீய்ச்சும் நேரம்) முன்னே தள்ளியும் சிலர் இழுவை எடுக்கிறார்கள். எக்ஸாஸ்ட் சூடு குறைவாகத் தெரியும், ஆனால் சிலிண்டர் அழுத்தம் ஏறி ஹெட் போல்ட் இழுபடும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மேல் ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கல்லாக இருந்தால் ஹெட் கேஸ்கட் விட்டுவிட்டது என்று சந்தேகப்படலாம்.

மேடன் வார்ஃப்:
ஓட்டுநர் பக்கம்?

சாட்ஸ்வர்த்:
டார்க் இருக்கிறதென்று மேல் கியரிலேயே 1,000-க்கு இழுத்துப் போவதுதான் பெரிய கெடுதல். பேரிங் அடி வாங்கும். வாட்டர் பம்பும் மெதுவாகச் சுழலும், கூலன்ட் சூடு ஏறிக்கொண்டே போகும். 1,200-க்கு விழுமுன் கியர் இறக்கி, 1,400–1,600-ல் ஏறட்டும். மேலே போய் நிறுத்தினால் மூன்று நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் அணைக்க வேண்டும், இல்லையென்றால் டர்போ பேரிங்கில் எண்ணெய் கருகும்.

டோங்காட்:
எண்ணெய்ச் சோதனையை டியூனுக்கு முன் ஒருமுறை, பின் ஒவ்வொரு சர்வீஸிலும் செய்யுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது, வடியும் எண்ணெயில் முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு நடுவில் பிடியுங்கள். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்க முடியாது, மூன்றை அடுக்கிப் பார்க்க வேண்டும். சிலிக்கனும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் ஏர் ஃபில்டர் வழியே தூசி போகிறது, டியூனைக் குறை சொல்லாதீர்கள். சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் கலக்கிறது. கரித்தூளும் டீசல் கலப்பும் சேர்ந்து ஏறினால் டியூன் அல்லது இன்ஜெக்டர். 500 பிபிஎம் கந்தகம் உள்ள டீசல் போட்டால் எண்ணெயின் அமிலம் தாங்கும் சக்தி வேகமாக இறங்கும், மாற்றும் தூரத்தைக் குறையுங்கள். டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டியில் 500-ஐ ஊற்றவே கூடாது.

மூல ஃபைலின் பிரதியைக் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். டீலர் சாஃப்ட்வேரைப் புதுப்பித்தால் டியூன் அழிந்துபோகும், வாரன்டிச் சண்டையும் அன்றுதான் தொடங்கும்.