வெளிநாட்டில் செல்போன் வழியாக லேப்டாப்பில் மெயில்: குவாங்சோ முதல் பாசல் வரை சில அனுபவங்கள்

பனியன்நகரம்:

வணக்கம். வெளிநாட்டில் செல்போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து மெயில் பார்ப்பதில் என் அனுபவம் முழுக்க சீனாவின் குவாங்சோவில்தான். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவராக இருக்கிறேன். ஜிப், பட்டன், பாலியெஸ்டர் துணி பார்க்க அங்குள்ள சோங்டா துணிச் சந்தைக்குப் போவேன். ஏப்ரலிலோ அக்டோபரிலோ போனால் அங்கு நடக்கும் கேன்டன் வர்த்தகக் கண்காட்சியையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

போனிலேயே மெயில் பார்க்கலாமே, லேப்டாப் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் வேலை ஆகாது. பையர், அதாவது வெளிநாட்டு வாடிக்கையாளர், அனுப்பும் டெக் பேக் என்ற தயாரிப்பு விவரக் கோப்பில் அளவு அட்டவணை இருக்கும், பிரிண்ட் ஆர்ட்வொர்க் இருக்கும். சந்தையில் அன்று கேட்ட துணி விலையை செலவுக் கணக்கான காஸ்டிங் ஷீட்டில் போட்டு, ராத்திரிக்குள் பையருக்குப் பதில் அனுப்ப வேண்டும். எக்செல் ஷீட்டை போன் திரையில் நகர்த்தி நகர்த்தித் திருத்தினால் ஒரு பைசா இடம் மாறினாலும் தெரியாது. ஒரு லட்சம் பீஸ் ஆர்டரில் பீஸுக்கு ஒரு ரூபாய் தவறினால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சீனாவில் அரசு தடுத்திருப்பதால் கூகுள் சேவைகள் திறக்காது. 2014 டிசம்பர் கடைசியில், அவுட்லுக் மாதிரி மென்பொருள் வழியாக ஜிமெயில் எடுப்பதும் அடைபட்டுப்போனது. எங்கள் கம்பெனி மெயில் கூகுளில்தான் ஓடுகிறது. ஹோட்டல் வைஃபையில் குறை சொல்ல முடியாது, சீனத் தளங்கள் சட்டென்று வரும். மெயில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அங்கே வாங்கும் உள்ளூர் சிம்மிலும் இதே கதைதான்.

ஆனால் நம் ஊர் சிம்மில் வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கான ரோமிங் பேக் போட்டு, போன் நெட்டை வைஃபையாகப் பகிரும் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து லேப்டாப்பை இணைத்தால் ஜிமெயில் தாராளமாக வருகிறது. காரணம் இதுதான்: ரோமிங்கில் போன் சிக்னல் பிடிப்பது சீன டவரில்தான் என்றாலும், டேட்டா அங்கே இணையத்தில் சேர்வதில்லை. நம் சிம் நிறுவனத்தின் இந்திய கேட்வே (இணையத்துக்கான நுழைவாயில்) வரை தனிப்பாதையில் வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்குள் போகிறது. குவாங்சோ ஹோட்டல் அறையில் உட்கார்ந்து லேப்டாப்பின் ஐபி முகவரியைத் தேடிப் பாருங்கள், இந்தியா என்று காட்டும். இவ்வளவு தூரம் போய்த் திரும்புவதால் ஒவ்வொரு கிளிக்குக்கும் கொஞ்சம் தாமதம் உண்டு. மெயிலுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

பணம் போவது வேறு இடத்தில். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்ததும் லேப்டாப் அதைச் சாதாரண வைஃபை என்றே நினைக்கும். விண்டோஸ் அப்டேட், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்க ஆரம்பித்தால் பேக் காலை டீக்குள் காலி. அதனால் வைஃபை செட்டிங்கில் அந்த இணைப்பை 'மீட்டர்டு கனெக்‌ஷன்', அதாவது அளந்து செலவிடவேண்டிய இணைப்பு என்று குறித்துவிடுவேன். அப்டேட்டில் பெரும்பகுதியும் ஒன்டிரைவும் அதிலேயே நின்றுவிடும். கூகுள் டிரைவை மட்டும் கையால் நிறுத்தவேண்டும்.

அட்டாச்மென்ட் விஷயத்தில் இன்னொன்று. மெயிலில் போகும் ஃபைல் எழுத்துகளாக மாற்றப்பட்டுப் போவதால் மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். 15 எம்பி ஆர்ட்வொர்க் என்றால் 20 எம்பி செலவு. நான் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் மெயில் தானாக இறங்காதபடி வைத்திருக்கிறேன். மெயிலின் தொடக்கம் வரும், வேண்டியதை மட்டும் முழுசாக இறக்கிக்கொள்ளலாம்.

கண்காட்சி அரங்குக்குள் ஹாட்ஸ்பாட் சரிப்படாது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான போன், ரவுட்டர், எல்லாம் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும். அங்கே போனையும் லேப்டாப்பையும் யூஎஸ்பி கேபிளால் இணைத்து, நெட்டை அதன் வழியே கொடுக்கும் டெதரிங் போடுங்கள். போனுக்கு சார்ஜும் ஏறும். ஆனால் கேபிள் இணைப்பு விண்டோஸுக்குப் புது நெட்வொர்க். மீட்டர்டு என்று அதற்கும் தனியாகக் குறிக்கவேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பழையநோக்கியா:

அருமையாகச் சொன்னீர்கள் தம்பி. இதே வேலையை நாங்கள் 2003-இல் ஜெர்மனியில் நோக்கியா 6310i போனை வைத்துச் செய்தோம். என் லேப்டாப்பில் புளூடூத் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒளியால் இணைக்கும் இன்ஃப்ராரெட்தான். போனின் கறுப்பு ஜன்னலும் லேப்டாப்பின் கறுப்பு ஜன்னலும் நேருக்கு நேர் பார்க்கவேண்டும். ரயிலில் மடக்கு மேசைமேல் இரண்டையும் வைத்து, டயல்-அப்பில் *99# அடித்தால் ஜிபிஆர்எஸ் என்ற அந்தக் கால மொபைல் டேட்டா இணையும். ரயில் வளைவில் திரும்பும்போது போன் ஒரு விரற்கடை நகரும், இணைப்பு அறுந்துவிடும். அப்புறம் ஒரு கையால் போனைப் பிடித்தபடிதான் மெயில் எடுப்பேன்.

ஒரு எம்பி இறங்க நாலு நிமிடம் ஆகும். கட்டணமோ கிலோபைட் கணக்கு. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் இத்தனை கேபிக்கு மேல் இருந்தால் சர்வரிலிருந்து இறக்காதே என்று ஒரு ரூல் எழுதி வைத்திருப்போம். அந்தப் போன் அமெரிக்காவின் 1900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் வேலை செய்தது. ஜப்பானில் மட்டும் ஒன்றுக்கும் உதவவில்லை, அந்தப் போனுக்கு வேண்டிய ஜிஎஸ்எம் வகை நெட்வொர்க்கே அங்கே கிடையாது. இவ்வளவு கஷ்டத்திலும், ஓடும் ரயிலில் வீட்டிலிருந்து வந்த மெயிலைப் படித்தபோது உண்டான மகிழ்ச்சி பெரிது.

கருங்காடு:

நான் ஜெர்மனியில் ஃபிரைபூர்க்கில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். இங்கே பிரச்சினை வேறு மாதிரி. 2017 ஜூன் 15-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங்குக்கு மேலதிகக் காசு இல்லை, உள்ளூர்க் கட்டணம்தான். சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. அதுதான் பலருக்கு இடிக்கிறது.

அக்கா குடும்பம் சுவிஸின் எல்லை நகரமான பாசலில். ரயிலில் போகும்போது கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து அலுவலக மெயில் பார்ப்பேன். பாசல் பாடிஷர் பான்ஹோஃப் ரயில் நிலையத்தை ஜெர்மன் ரயில்வேதான் நடத்துகிறது, பலகைகளும் அவர்களுடையவை. நிலம் சுவிஸ் நிலம். ஜெர்மனியில்தானே நிற்கிறோம் என்று தோன்றும், போன் அதற்குள் சுவிஸ் நெட்வொர்க்குக்கு மாறியிருக்கும். ஒருமுறை பெரிய கோப்பொன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே டேட்டா நின்றுபோய், 59.50 யூரோ உச்சவரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று எஸ்எம்எஸ் வந்தது. வரி நீங்கலாக 50 யூரோவில் ரோமிங் டேட்டாவை நிறுத்தவேண்டும் என்ற ஐரோப்பிய விதி அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. இல்லாவிட்டால் எங்கே போய் நின்றிருக்குமோ!

இப்போது எல்லை வருமுன்னரே தானியங்கி நெட்வொர்க் தேர்வை நிறுத்தி, ஜெர்மன் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்துவிடுகிறேன். ஜெர்மன் சிக்னல் தீர்ந்தால் இணைப்பு போகுமே தவிர சுவிஸுக்குத் தாவாது. எல்லைக்கு இந்தப் பக்கம் வைல் ஆம் ரைனில் வீடு உள்ளவர்களுக்கும் இதைத்தான் சொல்லுவேன், வீட்டுக்குள் இருந்தபடியே சுவிஸ் டவர் பிடிப்பது அங்கே சாதாரணம். பனியன்நகரம் அண்ணா, ஒரு கேள்வி. பயணிகளுக்கான இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதியும் சிம்) போட்டாலும் சீனாவில் ஜிமெயில் வருமா?

பனியன்நகரம்:

பெரும்பாலும் வரும். அவற்றில் பல ஹாங்காங் அல்லது சிங்கப்பூர் வழியாக இணையத்துக்குள் போகின்றன, அதனால் தடை தட்டாது. ஆனால் சில இ-சிம்களில் ஹாட்ஸ்பாட் அனுமதி கிடையாது. போனில் நெட் ஓடும், லேப்டாப்புக்குக் கொடுக்காது. வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

இ-சிம் போட்டாலும் இந்திய சிம்மை அணைக்காதீர்கள். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்து, ரோமிங் சேவையை ஊரிலேயே ஆன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். புது நாட்டிலிருந்து லேப்டாப்பில் உள்ளே நுழைந்தால் கூகுள் சில நேரம் மறுபடி சரிபார்க்கும், பேங்க்கும் ஓடிபி அனுப்பும், எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். எஸ்எம்எஸ் வராமல் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கூகுள் கணக்கின் இரண்டடுக்குச் சரிபார்ப்புப் பகுதியில் பேக்கப் கோடு என்று பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அதைப் பிரிண்ட் எடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பையில் மட்டும் வேண்டாம், பை போனால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.