எண்ணூர், மணலி ஆஸ்துமா கணக்கு: ஓபி பதிவை ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

ஓபிசீட்டு:
வடசென்னையில் தொழிற்சாலைகள் நிறைந்த எண்ணூர், மணலி பக்கம் மூச்சுத்திணறல் மற்ற இடங்களைவிடக் கூடுதலா என்று பார்க்க, அரசு ஆஸ்பத்திரி ஓபி பதிவுகளை ஆய்வாளர்களுக்குத் தரலாம் என்கிறேன். ஆளுக்கு ஆள் கையெழுத்து வாங்கப் போனால் ஆய்வு நடக்காது. ஆபத்து மிகக் குறைவு, அடையாளமும் நீக்கியாச்சு என்றால், சம்மதம் வாங்குவதிலிருந்து எத்திக்ஸ் கமிட்டி விலக்கு தரலாம். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறையிலேயே இருக்கிறது. பெயரை எடுத்துவிட்டு, மொபைல் நம்பரை ஹாஷ் செய்தால், அதாவது கணக்குப் போட்டு வேறொரு குறியீடாக மாற்றிவிட்டால், போதும்.

குறுக்குத்தெரு:
எங்க போதும் பாஸ்? மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல தொடங்குற பத்து இலக்கம். மொத்தமே 400 கோடி. அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டுப் பார்க்க சாதா கம்ப்யூட்டரே போதும். ரகசியச் சாவி சேர்த்து ஹாஷ் பண்ணி, அந்தச் சாவி ஆய்வாளர் கைக்குப் போகாம இருந்தாதான் பாதுகாப்பு. பெயரை எடுக்குறதும் அதே கதைதான். பின்கோடு 600057, பெண், வயசு 71, வந்த தேதி, ஆக்சிஜன் வச்சாங்க: குப்பத்துல டீக்கடைல கேட்டா ஆளைச் சொல்லிடுவாங்க.

ஓபிசீட்டு:
சரி, வயதை ஐந்து ஐந்தாகக் கட்டம் கட்டலாம். பின்கோடை எடுத்துவிட்டு மாநகராட்சி மண்டலம் மட்டும் போடலாம். எண்ணூர் திருவொற்றியூர் மண்டலத்தில் கரைந்துவிடும். தேதியையும் ஆளுக்கு ஒரு அளவாக முன்னே பின்னே நகர்த்திவிடலாம்.

குறுக்குத்தெரு:
தேதியை நகர்த்தினா மிச்சம் என்ன இருக்கு? 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல அம்மோனியா கசிஞ்சுது. மறுநாள் ஓபி கூட்டம்தானே தெரியணும்? காத்துல இருக்குற நுண்துகள் (பிஎம் 2.5) அளவோட எதை வச்சுப் பொருத்துவீங்க?

பகுதி_எங்கே:
ரெண்டு பேருமே பின்னத்தின் மேல் எண்ணை, அதாவது நோயாளி எண்ணிக்கையை, வைத்துத்தான் சண்டை போடுகிறீர்கள். கீழே போட மக்கள்தொகை எங்கே? கடைசிக் கணக்கெடுப்பு 2011. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குத் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தும் வருகிறார்கள். சொந்தக்காரர் வீட்டு முகவரியைச் சொல்லிச் சீட்டு வாங்குபவரும் உண்டு. வசதியுள்ளவர் தனியாரிடம் போய்விடுவார், பதிவிலேயே வரமாட்டார். ஒரே ஆள் ஒரு தடவை ‘எஸ். முருகன்’, அடுத்த தடவை ‘முருகன் எஸ்’. கணக்கில் ரெண்டு பேர். வயதோ பாதிப் பேருக்கு 40, 45, 50 என்று முழுசாகத்தான் இருக்கும், எனவே ஐந்தின் மடங்கில் கட்டத்தைத் தொடங்கினால் அந்தக் குவியல் மொத்தமும் ஒரு பக்கம் சாயும். 40 நடுவில் வரும்படி 38 முதல் 42 வரை என்று வெட்டுங்கள்.

மக்கள்தொகையே தேவைப்படாத வழி ஒன்று உண்டு: ஒரு ஆள் மூச்சுத்திணறலோடு வந்த நாளின் காற்றை, அதே மாதத்தில் அதே கிழமை வரும் மற்ற நாட்களின் காற்றோடு ஒப்பிடுவது. வயது, பீடி, வீட்டு அடுப்பு எல்லாம் அதே ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் குழப்பாது. இதற்கு உண்மைத் தேதியும் மண்டலமும் போதும். ஆனால் நாள்வாரி, மண்டலவாரியாகப் பிரித்தால் நிறையக் கட்டங்களில் ரெண்டு, மூணு பேர்தான் இருப்பார்கள். ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க 5-க்குக் கீழே உள்ள எண்ணை வெளியிடக் கூடாது என்றால் அட்டவணையே காலி. அதனால் பதிவை வெளியே அனுப்பாமல், கணக்கை ஆஸ்பத்திரி சர்வரிலேயே ஓட்டி முடிவை மட்டும் எடுங்கள்.

குறுக்குத்தெரு:
இது ஓகே. யார் எப்போ எந்தப் பதிவைத் திறந்தாங்கன்னு லாக் இருக்கணும். ஒரே பாஸ்வேர்டை ஊரே போடுற சர்வர்னா வேணாம்.

ஓபிசீட்டு:
ஆனால் இது புகை கூடிய நாளில் கேஸ் கூடுதா என்பதற்குத்தான் விடை. எண்ணூரில் நோயே கூடுதலா என்பதுதான் என் கேள்வி.

பகுதி_எங்கே:
அதை ஓபி பதிவு சொல்லாது. வார்டு வார்டாகக் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, மூச்சின் அளவைச் சோதிக்கும் ஸ்பைரோமீட்டரோடு போக வேண்டும். ஒப்பிட, தொழிற்சாலை இல்லாத வார்டுகளும் வேண்டும்.

குறுக்குத்தெரு:
அப்போ வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கித்தானே ஆகணும்?

ஓபிசீட்டு:
சர்வேக்கு வாங்குவோம். ஓபி பதிவுக்கு வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.