செம்மண் ஊரில ஓஃப் வைற் சரிவருமோ?

கிணத்தடி:
யாழ்ப்பாணம் இணுவிலில ஐம்பது வருசத்துக் கல்வீடு, திருத்த வேலை நடக்குது. ஹோல் 12க்கு 12 அடி, சுவர் உயரம் 10 அடி. நிலம் பழைய சிவப்புச் சீமெந்து, அதை மாத்திற எண்ணம் இல்லை. தேக்குக் கதவு ஒண்டு, யன்னல் ரெண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் ஓஃப் வைற் பெயின்ற் (கொஞ்சம் சாயல் கலந்த வெள்ளை) அடிக்கலாமோ? அடிச்சா ஹோலுக்கு எத்தனை லீற்றர் வேணும்?

சோளகம்:
வெளிச்சுவருக்கு வேண்டவே வேண்டாம். மாரியில கூரை இறவாணத்தால விழுற தண்ணி செம்மண்ணை ரெண்டடி உயரத்துக்கு அள்ளித் தெறிக்கும். அந்தச் சிவப்பு இரும்பு ஒக்சைட்டுத் துகள். மட்டமான பெயின்ற்றின்ர துளையளுக்குள்ள ஒருக்காப் போய் இருந்திட்டா, தேய்ச்சுக் கழுவினாலும் செம்பட்டை நிண்டுகொள்ளும். மே தொடக்கம் சோளகக் காத்தில வாற தூசு தனிக்கணக்கு.
உள்ளுக்கும் கரைச்சல்தான். சிவப்பு நிலத்தில பட்டு எழும்புற வெளிச்சம் சுவரின்ர கீழ்ப்பாதியை ரோசாவாக்கிப் போடும். வெளிர் சாம்பல் அடியுங்கோ.

நாற்சார்:
மண் தெறிக்கிறது நிறத்தின்ர பிழை இல்லை, இறவாணத்தின்ர பிழை. கூரை விளிம்பில தண்ணிப் பீலி பூட்டுங்கோ. சுவரோட சேத்து ரெண்டரை அடி அகலத்துக்கு முக்கால் அங்குலச் சல்லிக்கல்லை நாலு அங்குலத் தடிப்பில பரவுங்கோ. சீமெந்துத் தளம் போட்டா மண் தெறியாது, ஆனா தண்ணி தெறிச்சுச் சுவர் நனையும். சல்லியில ரெண்டும் அடங்கும். அடிச்சுவரில ஒரு கடும் சாம்பல் பட்டி, மேல ஓஃப் வைற். மேற்குச் சுவரில பின்னேர வெயில் விழுற வீட்டுக்கு வெள்ளை தாற குளிர்ச்சியைச் சாம்பல் தராது.
உள்ளுக்கு ரோசா அடிக்கிறது பீச் கலந்த வெள்ளையை எடுக்கிறதாலதான். மஞ்சளில ஒரு சொட்டுக் கறுப்புச் சேந்த, கொஞ்சம் பச்சைக்குச் சாயிற வெள்ளையை எடுங்கோ, நிலத்தின்ர சிவப்பை அது அமத்தும். நிற அட்டையைத் தனியப் பாத்தா எல்லாம் வெள்ளை மாதிரித்தான் தெரியும். ஏ4 தாளுக்குப் பக்கத்தில வைச்சாச் சாயல் உடன காட்டிக் குடுக்கும்.

பனிப்புலம்:
ஹோல் எந்தத் திசை பாத்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே? வடக்குப் பாத்த அறையில வெளிச்சம் நீலமா விழும், மஞ்சள் கூடின வெள்ளைதான் எடுக்க வேணும். இஞ்ச ரொறொன்ரோவில எல்லாரும் அப்பிடித்தான் தெரிவு செய்யினம்.

நாற்சார்:
அண்ணை, அது உங்கட ஊருக்குச் சரி. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட வட அகலாங்கு 9.7 பாகையில கிடக்கு. ஏப்ரல் நடுவில இருந்து ஓகஸ்ட் கடைசி மட்டும் எங்களுக்கு மத்தியான வெயில் வடக்குப் பக்கத்தாலதான் சாயும். இஞ்ச திசையை விட யன்னலுக்கு வெளியில நிக்கிறதுதான் பெரிசு. வேப்பமரம் நிண்டா பச்சை, வெறும் முற்றமெண்டா செம்மை உள்ளுக்கு வரும். அதோட பல்ப். 6500 கெல்வின் எண்டு போட்ட நீலவெள்ளைப் பல்ப்பில மஞ்சள் சாயல் வெளிறிப் போகும், 3000 கெல்வின் மஞ்சள் பல்ப் போட்டா அதே சுவர் வெண்ணெய் மாதிரி நிக்கும். ரெண்டடிக்கு ரெண்டடிப் பலகையில ரெண்டு கோட் அடிச்சு, நிலத்தோட சாத்தி வைச்சுக் காலமை, மத்தியானம், இரவு பாருங்கோ. பழைய நிறம் கிடக்கிற சுவரில நேர அடிச்சுப் பாத்தாக் கண்ணை ஏமாத்தும்.

பூச்சுவேலை:
எல்லாரும் நிறத்திலயே நிக்கிறியள். ஐம்பது வருசத்துக் கல்வீட்டில முதல் பாக்க வேண்டியது கீழ் மூண்டடி. அத்திவாரத்தில ஈரத்தடுப்பு இல்லாட்டி ஈரம் கல்லுக்குள்ளால ஏறும். தண்ணி காயும், உப்பு நிக்கும், பெயின்ற்றைத் தள்ளிக்கொண்டு கொப்பளிக்கும். வெள்ளையில உப்புப் பூத்தது தெரியாது, உரிஞ்ச பிறகுதான் தெரியும்.
நாணயத்தால சுரண்டிப் பாருங்கோ. மாவாக் கொட்டினாச் சுண்ணாம்புப் பூச்சு, கீறல் மட்டும் விழுந்தாச் சீமெந்து. சுண்ணாம்புச் சுவருக்கு மேல தனிச் சீமெந்து பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாமல் இன்னும் மேல ஏறும். சுவரடியில ஸ்கேர்ட்டிங் மாபிள் ஒட்டினாலும் அதே கதைதான். உப்பு அடையாளத்துக்கு மேல ஒரு அடி விட்டுப் பழைய பூச்சைக் கொத்துங்கோ. உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டுங்கோ, தண்ணி ஊத்தினாத் திரும்பச் சுவருக்குள்ள போகும். சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6 எண்டு குழைச்சுப் பூசுங்கோ. கடற்கரை மணலும் உவர்க் கிணத்துத் தண்ணியும் வேண்டாம். குறைஞ்சது 28 நாள் காய விட்டு, காரம் தாங்கிற பிரைமர் ஒரு கோட். அந்தக் கீழ்ச் சுவருக்கு மினுங்கிற சில்க் பெயின்ற் அடிக்காதேங்கோ, மினுங்காத மற் பெயின்ற் அடியுங்கோ.
மேல் சுவரில நீலம் போட்டு அடிச்ச பழைய சுண்ணாம்பு வெள்ளை கிடந்தா, செலோரேப் ஒட்டி இழுத்துப் பாருங்கோ. மாவு ஒட்டி வந்தா முழுக்கச் சுரண்ட வேணும். இல்லாட்டி புதுப் பெயின்ற் பாளம் பாளமா விழும்.
கணக்கு: நாலு சுவரும் 480 சதுர அடி. கதவு யன்னலுக்கு 50 கழிச்சா 430. ரெண்டு கோட் 860. லீற்றருக்கு 110 சதுர அடி பிடிச்சா எட்டு லீற்றர், நாலு லீற்றர் ரின் ரெண்டு. ரெண்டையும் ஒரு வாளியில ஒண்டாக் கலந்திட்டு அடியுங்கோ, மெசின்ல கலந்தாலும் ரின்னுக்கு ரின் மயிரிழை வித்தியாசம் வரும், வெள்ளையில அது மூலையில பிடிபடும். தண்ணி பத்துக்கு ஒண்டுக்கு மேல வேண்டாம். அரைவாசி தண்ணி விட்டு அடிச்சுப்போட்டு "வெள்ளை மூடுதில்லை" எண்டு மூண்டாம் கோட்டுக்குக் காசு கேக்கிறதும் நடக்குது, பக்கத்தில நிண்டு பாருங்கோ.

சோளகம்:
உப்புக் கதை சரி, நிறத்தில நான் மாறேல்லை. இன்னும் ரெண்டு விசயம். சீலிங்கைப் பளிச்செண்ட வெள்ளையில விட்டா, கீழ இருக்கிற ஓஃப் வைற் ஊத்தைச் சுவர் மாதிரித் தெரியும். யன்னல் கம்பிக்கு வெள்ளை எண்ணெய் எனாமல் அடிக்கிறதெண்டா, அது இருட்டில மஞ்சளாகும். வெளிநாட்டுக்காரர் பூட்டி வைச்சிருக்கிற வீடுகளைப் போய்ப் பாருங்கோ, சுவர் ஒரு வெள்ளை, கம்பி இன்னொரு மஞ்சள்.

நாற்சார்:
சீலிங்குக்கும் அதே ஓஃப் வைற்றை மற்றில அடிச்சா முடிஞ்சுது. கம்பிக்குத் தண்ணி எனாமல்.

கிணத்தடி:
நாணயத்தால சுரண்டினன், மாவாத்தான் கொட்டுது. உப்பு அடையாளம் ரெண்டரை அடி மட்டும் நிக்குது, அப்ப மூண்டரை அடிக்குக் கொத்த வேணும். வெளிச்சுவர் எப்ப அடிக்கலாம்?

பூச்சுவேலை:
மாரி முடிஞ்சு சுவர் காய்ஞ்ச பிறகு, சோளகக் காத்து எழும்ப முதல். மாசி, பங்குனி நல்லம். மேற்குச் சுவரைக் காலமையும் கிழக்குச் சுவரைப் பின்னேரமும் அடியுங்கோ, வெயில் சுட்ட சுவரில உருளை இழுத்த கோடு நிக்கும்.

சோளகம்:
சாம்பல் பட்டி மூண்டடிக்குக் குறைய வேண்டாம்.