காயிலைத் தள்ளி வைத்தால் சப்ளை எகிறுகிறது, 7805 கொதிக்கிறது – ஒயர்லெஸ் பவர் சந்தேகம்

புதுச்சுருள்:
வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். இரண்டு பக்கமும் 24 மைக்ரோஹென்றி காயில், தொடரில் 100 நானோஃபாரட், 12 வோல்ட் ஹாஃப் பிரிட்ஜ் (இரண்டு மாஸ்ஃபெட் ஸ்விட்ச் மாறி மாறி ஓட்டும் டிரைவர்), ஏறக்குறைய 103 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். கம்பி 22 கேஜ் எனாமல், நடுவில் 15 மில்லிமீட்டர் இடைவெளி. ரிசீவரில் ஏசியை டிசியாக்க நான்கு 4007 டையோடு, அப்புறம் 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்). 5 வோல்டில் அரை ஆம்பியர்தான் எடுக்கிறேன், ஆனால் 7805 நுழைவில் 17 வோல்ட் நிற்கிறது, தொட்டால் விரல் வெந்துவிடும். சப்ளையில் 2.3 ஆம்பியர் போகிறது, அதாவது 28 வாட் கொடுத்து 2.5 வாட் வாங்குகிறேன்! லோடைக் கழற்றினால் சப்ளை தன் 3 ஆம்பியர் லிமிட்டில் போய் முட்டுகிறது. ரிசீவரை எடுத்துவிட்டாலும் அதே கதைதான். லோடு இல்லாதபோது ஏன் கூடுதலாக இழுக்க வேண்டும்?

சாலிடர்மாமா:
முதலில் அந்த 4007-ஐப் பிடுங்கு தம்பி. அது 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸுக்குப் பிறந்தது, 100 கிலோஹெர்ட்ஸில் அணைவதற்குள் அடுத்த அரைச்சுற்று வந்துவிடும். சட்டென்று அணையும் 5822 ஷாட்கி டையோடு போடு. கெபாசிட்டர் பீங்கானா? சாதாரண பீங்கான் என்றால் அதையும் மாற்று, பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம்தான் இங்கே நிற்கும்.

இணைகாந்தம்:
மாமா சொன்னது சரி, ஆனால் கேள்வி அது இல்லை. இரண்டு பக்கமும் தொடர் கெபாசிட்டர் போட்டு ரெசனன்ஸில் (காயிலும் கெபாசிட்டரும் ஒத்து அதிரும் ஃப்ரீக்வென்சியில்) ஓட்டினால், ரிசீவர் வோல்டேஜ் சோர்ஸ் மாதிரி நடக்காது, கரண்ட் சோர்ஸ் மாதிரி நடக்கும். டிரைவ் வோல்டேஜை ஒமேகா-எம் ஆல் (2π × ஃப்ரீக்வென்சி × இரண்டு காயில்களின் பரஸ்பர இண்டக்டன்ஸ் எம்) வகுத்தால் வருவதுதான் அந்தக் கரண்ட். லோடு குறைந்தால் வோல்டேஜ் ஏறும், அதனால்தான் உன் 17 வோல்ட். டிரான்ஸ்மிட்டர் பக்கம் தெரிகிற எதிர்ப்பு ஒமேகா-எம் வர்க்கத்தை லோடு எதிர்ப்பால் வகுத்தது, அதாவது தலைகீழ். லோடு திறந்து கிடந்தால் அங்கே பூஜ்யம், மீதி இருப்பது கம்பி எதிர்ப்பும் மாஸ்ஃபெட் எதிர்ப்பும் மட்டும், பிறகு கரண்ட் எகிறாமல் என்ன செய்யும்? காயிலைத் தள்ளினால் எம் குறைகிறது, தெரிகிற எதிர்ப்பு அதன் வர்க்கத்தில் குறைகிறது, அதே விளைவு. கேட்டால் நம்பமாட்டாய், இந்த அமைப்பில் ரிசீவரை ஷார்ட் செய்வது பாதுகாப்பு, திறந்து விடுவதுதான் ஆபத்து.

கப்ளிங் (ஒரு காயிலின் காந்தப்புலம் மற்றதோடு இணையும் அளவு) 0.2 என்று வைத்தால் உன் ஒமேகா-எம் 3 ஓம் சொச்சம். நல்ல எஃபிஷியன்சி கிடைப்பது ரெக்டிஃபையருக்குப் பின் 4 ஓம் பக்கத்தில். நீ வைத்திருப்பது 17 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது 34 ஓம். 7805-க்குப் பதில் பக் கன்வெர்ட்டர் (ஸ்விட்ச் செய்து வோல்டேஜை இறக்கும் சர்க்யூட்) போட்டாலும் அதே வோல்டேஜில் இன்னும் குறைவாக இழுக்கும், அதாவது லோடு இன்னும் லேசாகும், வோல்டேஜ் இன்னும் ஏறும். எனவே அவுட்புட்டைக் கட்டுப்படுத்த வேண்டிய இடம் டிரான்ஸ்மிட்டர். சோதித்துப் பார், டிரான்ஸ்மிட்டரின் 12 வோல்ட் சப்ளையை மெதுவாகக் குறைத்து 7805 நுழைவில் 8 வோல்ட் வந்ததும் நிறுத்து.

புதுச்சுருள்:
அண்ணா, 8.5 வோல்டிலேயே 8 வந்துவிட்டது! சப்ளை 1.35 ஆம்பியர். 28 வாட் இப்போது 11.5 வாட். இத்தனை நாளும் ஹீட்சிங்க் பெரிதாக்கிக்கொண்டே போனேன்…

இணைகாந்தம்:
அடுத்து கம்பி. 100 கிலோஹெர்ட்ஸில் செம்பில் கரண்ட் மேல்தோலில் 0.2 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் ஓடும், உன் 22 கேஜ் 0.7 தடிமன், உள்ளே இருப்பது வெறும் எடை. கப்ளிங்கையும் க்யூவையும் (2π × ஃப்ரீக்வென்சி × காயில் இண்டக்டன்ஸை அதன் எதிர்ப்பால் வகுத்தது) பெருக்கிப் பார்: உன் காயில் எதிர்ப்பு 0.6 ஓம் இருக்குமானால் க்யூ 26, பெருக்கல் 5, எவ்வளவு நன்றாக டியூன் செய்தாலும் காயில் எஃபிஷியன்சி 68 சதவீதத்தைத் தாண்டாது. 0.15 ஓமுக்கு இறக்கினால் 90.

அலைவரிசைக்காரன்:
வோல்டேஜ் எதற்கு, ஃப்ரீக்வென்சியை ரெசனன்ஸுக்கு மேலே தள்ளினாலும் பவர் குறையுமே? போன் சார்ஜர்கள் பல அப்படித்தானே?

இணைகாந்தம்:
குறையும். மேலே தள்ளும்போது மாஸ்ஃபெட்டுக்கும் நல்லது, பூஜ்ய வோல்டேஜில் ஸ்விட்ச் ஆகும். ஆனால் காயில்கள் நெருங்கினால் ஃப்ரீக்வென்சிக்கு எதிரான பவர் வளைவின் ஒரு உச்சி இரண்டாகப் பிரியும், கன்ட்ரோலர் எந்தப் பக்கச் சரிவில் நிற்கிறதென்று குழம்பிவிடும். சீ (Qi, போன்களின் ஒயர்லெஸ் சார்ஜிங் தரநிலை) சார்ஜரில் ரிசீவரே தன் லோடை அசைத்து, விநாடிக்கு 2 கிலோபிட் வேகத்தில், அதே காயில் வழியாக "கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை" என்று சொல்கிறது. ப்ராஜெக்டுக்கு அவ்வளவு தேவையில்லை, ரிசீவரின் செய்தியை டிரான்ஸ்மிட்டருக்கு அனுப்ப இடைவெளியில் ஒரு ஐஆர் (அகச்சிவப்பு) எல்இடியும் ஃபோட்டோ டிரான்சிஸ்டரும் போதும். லோடு கழன்றால் டிரிப் ஆக டிரான்ஸ்மிட்டரில் ஒரு கரண்ட் லிமிட் கட்டாயம்.

புதுச்சுருள்:
லிட்ஸ் கம்பி (தனித்தனி எனாமல் பூசிய மெல்லிய இழைகளை முறுக்கியது) கிடைக்கவில்லை, 0.2 மில்லிமீட்டர் எனாமல் கம்பி 25 இழையை டிரில் மெஷினில் மாட்டி முறுக்கினேன், முதல் முயற்சி அறுந்து முகத்தில் அடித்தது. புதுக் காயில், 5822 டையோடு இரண்டும் சேர்த்து அதே லோடுக்கு 5.5 வோல்ட், 1.2 ஆம்பியர். 6.6 வாட். ஐஆர் வைத்தேன், டேபிள் லேம்ப் போட்டால் அவுட்புட் ஆடுகிறது.

சாலிடர்மாமா:
கறுப்பு ஸ்ட்ரா ஒன்றை வெட்டி ஃபோட்டோ டிரான்சிஸ்டருக்கு மாட்டு. அந்த டிரில் வேலைக்கு அடுத்த முறை கண்ணாடி போட்டுக்கொள்.