தேங்காய்த் துருவிக்கான புதிய யோசனையை ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து ராயல்டி பெற முடியுமா?

கோவை வரைவாளர் (கேள்வி):
கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். கையால் சுற்றும் தேங்காய்த் துருவிகளின் அடியிலுள்ள ரப்பர் உறிஞ்சி வழவழப்பான கிரானைட்டில் நன்றாகப் பிடிக்கிறது. சொரசொரப்பான கடப்பைக் கல் மேடையிலோ பாதித் தேங்காய் துருவுவதற்குள் விட்டுவிடுகிறது. இதற்கு மாற்றாக வேறொரு பிடிப்பு அமைப்பை யோசித்து, மைத்துனரின் லேத் பட்டறையில் ஒரு மாதிரியும் செய்து பார்த்துவிட்டேன். சொந்தமாகத் தொழில் தொடங்க எனக்கு முதலும் இல்லை, விருப்பமும் இல்லை. சமையலறைப் பொருள்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று இதை எடுத்துக்கொண்டு, விற்பனைக்கேற்ப ராயல்டி தந்தால் போதும். முதலில் யூடியூபில் ஒரு செயல்விளக்கக் காணொளி வெளியிட்டு, அதன் இணைப்பை நிறுவனங்களுக்கு அனுப்பலாமா?

கிண்டிக்காரர்:
காணொளியை இப்போது வெளியிடாதீர்கள். உரிமம் கொடுக்க முதலில் காப்புரிமை வேண்டும், அதற்கு யோசனை முன்பே வெளிவராததாக இருக்க வேண்டும். கண்டுபிடித்தவரே முன்கூட்டி வெளியிட்டிருந்தாலும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகை அமெரிக்காவில் உண்டு. அங்கிருந்து வரும் ஆலோசனைகள் அதை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. நமது 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உள்ளன. யூடியூப் அவற்றில் சேராது. நீங்களே வெளியிட்ட காணொளி உங்கள் விண்ணப்பத்துக்கு எதிரான ஆதாரமாகிவிடும்.

முதலில் தற்காலிக விவரக் குறிப்புடன் (கண்டுபிடிப்பின் தொடக்கநிலை விவரிப்பு) காப்புரிமை விண்ணப்பம் தாக்கல் செய்யுங்கள். தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. இணையவழியில் தனிநபருக்கான அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய். காப்புரிமை முகவரை அமர்த்தினால் அவருடைய கட்டணம் தனி. அன்றிலிருந்து 12 மாதங்களுக்குள் முழு விவரக் குறிப்பைத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பதால், நிறுவனங்களை அணுகிப் பார்க்க உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த ஓராண்டுதான். தற்காலிகக் குறிப்புத்தானே என்று மேலோட்டமாக ஒரு பத்தி எழுதி முடித்துவிடாதீர்கள். அதில் சொல்லாத ஓர் அம்சத்துக்கு அந்தத் தேதியின் முன்னுரிமையை (அன்றே விண்ணப்பித்ததாகக் கருதப்படுவதை) பின்னால் கோர முடியாது. படங்களுடன், மாற்று வடிவங்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

அதற்கும் முன்பு சட்டத்தின் 3(எஃப்) பிரிவைப் படியுங்கள். ஏற்கெனவே அறியப்பட்ட சாதனங்களைச் சேர்த்து வைத்து, அவை ஒவ்வொன்றும் பழையபடி தனித்தனியாகவே இயங்கினால், அது கண்டுபிடிப்பு ஆகாது. தச்சுப் பட்டறைக் கிளாம்பை அப்படியே துருவியின் அடியில் பொருத்தியிருந்தால் இந்த இடத்தில்தான் தடைப்படும். வடிவமைப்புப் பதிவு எளிது என்று சிலர் சொல்வார்கள். அது தோற்றத்தைக் காக்குமே தவிர, பிடிப்பு வேலை செய்யும் விதத்தைக் காக்காது.

அம்பத்தூர் பட்டறை:
சமையலறைப் பொருள்கள் தயாரிக்கும் தரப்பிலிருந்து சொல்கிறேன். வெளியாள் ஒருவர் யோசனையுடன் வந்தால், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் எடுத்த எடுப்பிலேயே கையெழுத்திடுவதில்லை, ஏனெனில் அதே போன்ற ஒன்றை அவர்களின் சொந்த வடிவமைப்பாளர் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கக்கூடும். விண்ணப்ப எண்ணுடன் வருபவரிடம் பேசுவது எங்களுக்கும் எளிது. அவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, பாகங்களை வார்க்கப் புதிய அச்சு தேவையா, இருக்கும் அச்சிலேயே சிறு மாற்றம் போதுமா என்பதைத்தான். இருக்கும் அச்சே போதும் என்றால் பேச்சு வேகமாக நகரும்.

ராயல்டி பெரும்பாலும் தொழிற்சாலை விலையின் மீது ஒற்றை இலக்கச் சதவீதமாகவே பேசப்படும். கடையில் ஒட்டியிருக்கும் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உதாரணமாக, தொழிற்சாலை விலை 400 ரூபாய், ராயல்டி 4 சதவீதம், ஆண்டுக்கு 5,000 துருவிகள் என்றால் உங்களுக்கு வருவது 80,000 ரூபாய். வேலையில் இருந்துகொண்டே வரும் பணம் என்ற அளவில் அது நல்ல தொகைதான், ஆனால் வேலையை விடுவதற்கான தொகை அல்ல.

நிறுவனம் தனக்கு மட்டுமேயான தனியுரிமம் கேட்டால், ஆண்டுதோறும் குறைந்தபட்ச ராயல்டி என்று ஒரு தொகையையும், குறித்த காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமை உங்களிடமே திரும்பும் என்ற விதியையும் வற்புறுத்துங்கள். போட்டியாளர் கைக்குப் போகாமல் இருப்பதற்காகவே வாங்கி அலமாரியில் வைத்துவிடுபவர்களும் எங்கள் தொழிலில் உண்டு. 68ஆம் பிரிவின்படி, காப்புரிமை மீதான உரிமம் எழுத்து வடிவில் இருந்தால்தான் செல்லும். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

கிண்டிக்காரர்:
ஒன்று விட்டுப்போயிற்று. உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதற்கு நம் காப்புரிமைச் சட்டத்தில் தனி விதி இல்லாததால், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே பெரிதும் செல்லும். பணிக்காலத்தில் செய்வது அனைத்தும் நிறுவனத்துக்கே என்று எழுதியிருந்தால், பம்புக்கும் துருவிக்கும் தொடர்பில்லை என்ற வாதத்தை மட்டும் நம்பாமல், எழுத்துப்பூர்வமாக ஆட்சேபமின்மைக் கடிதம் பெற்றுக்கொள்ளுங்கள்.

கோவை வரைவாளர்:
இருவருக்கும் நன்றி. காணொளியை நிறுத்திவைத்துவிட்டேன். மாதிரியைக் கடைந்து கொடுத்த மைத்துனரின் பெயரையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

கிண்டிக்காரர்:
உங்கள் வரைபடத்தின்படி கடைந்து கொடுத்தது மட்டும் அவரைக் கண்டுபிடிப்பாளர் ஆக்காது. பிடிப்பு எப்படி இயங்க வேண்டும் என்பதில் அவருடைய யோசனையும் கலந்திருந்தால், அவர் பெயரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். உறவுக்காக அவரைக் கூட்டு உரிமையாளராகச் சேர்ப்பதாக இருந்தால், 50ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது இருவருக்கும் சமபங்கு உண்டு. ஒருவர் சம்மதிக்காமல் மற்றவர் யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது. அவருக்குப் பங்கு தர விரும்பினால், விண்ணப்பத்தை உங்கள் பெயரில் வைத்துக்கொண்டு, வரும் ராயல்டியில் இத்தனை சதவீதம் அவருக்கு என்று தனியே எழுதிக் கொடுத்துவிடலாம்.