புதுப்பிப்பு: எக்ஸ்230-இல் கோர்பூட் ஏறிவிட்டது

என் திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியில், பயாஸுக்கு (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) பதிலாகக் கோர்பூட் என்ற திறமூல மென்பொருளை ஏற்ற முயன்றேன். போன வாரம் கேட்டிருந்தேன்: பயாஸ் இருக்கும் சிப்பை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒவ்வொரு ஹாஷ் (படித்த தரவின் கைரேகை போன்ற எண்) வருகிறதே, ஏன் என்று. சிப் போய்விட்டது என்றே பயந்தேன். இல்லை, குற்றவாளி, சிப்பின் கால்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்தான்!

சிப்பின் கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கிளிப்பின் நீளமான ஒயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பத்து சென்டிமீட்டரில் புதிதாகப் போட்டேன். சார்ஜர், பேட்டரி, கூடவே மறந்துபோயிருந்த காசு பேட்டரி, மூன்றையும் கழற்றினேன். அப்புறம் மூன்று முறை படித்தும் ஒரே ஹாஷ். அந்தக் கோப்பைப் பென்டிரைவிலும் வேறொரு கணினியிலும் பத்திரப்படுத்திய பிறகுதான் சிப்பில் கோர்பூட்டை எழுதத் துணிந்தேன்.

இதில் இரண்டு சிப்கள்: 8 எம்பி, 4 எம்பி. பயாஸ் மட்டும் மாற 4 எம்பி சிப்பே போதும். நான் ஆசைப்பட்டு 8 எம்பி சிப்பிலும் கை வைத்தேன்; இன்டெல் எம்இ (இன்டெல் கணினிகளுக்குள் தனியாக ஓடும் மேலாண்மை மென்பொருள்) அங்கேதான் குடியிருக்கிறது. எம்இ கிளீனர் என்ற கருவி அதைச் சுமார் நூறு கேபிக்குச் சுருக்கிவிட்டது. முழுவதும் அழித்தால் அரை மணி நேரத்தில் மடிக்கணினி தானாக அணைந்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.

முதல் பூட்டில் திரை கொஞ்ச நேரம் கருப்பாகவே நின்றது. ரேமைப் பழக்கிக்கொள்கிற நேரமாம். எனக்குத்தான் உயிர் போய் வந்தது. இப்போது சீபயாஸ் (கோர்பூட்டோடு சேர்ந்து இயங்குதளத்தைத் தொடங்கும் நிரல்) வழியே டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. தூக்க நிலை (ஸ்லீப்), விசிறி எல்லாம் சரி. ஒலி விசைகளை இன்னும் சோதிக்கவில்லை.