அப்பாவின் இடது இமை தொங்குகிறது, கண்ணாடி மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர் (கத்தியால் செடியைக் கழிக்கும் வேலை), பீடியை விடமாட்டார். ரெண்டு மாதமாக இடது இமை பாதி இறங்கிக் கிடக்கிறது. விளக்கைக் குறைத்துப் பார்த்தால் அந்தக் கண்ணின் பாவை மட்டும் விரியாமல் கடுகு மாதிரி நிற்கிறது. கண்ணாடிக் கடையில் வயசுக் கோளாறாம்.

பதில்: இடது தோள் வலிக்கிறதா?

கேட்டவர்: ஆமாம், கத்தி பிடித்த கை என்று தைலம் தேய்க்கிறோம். அதற்கும் கண்ணுக்கும் என்ன?

பதில்: சம்பந்தம் இருக்கலாம். பாவையை விரிக்கும் நரம்பு மூளையிலிருந்து நெஞ்சு வரை இறங்கி, நுரையீரல் உச்சியை ஒட்டிப்போய், கழுத்து வழியே திரும்ப ஏறுகிறது (சுற்றுவழி பஸ் மாதிரி). அந்த உச்சியில் கட்டி வந்தால் இருமலே இல்லாமல் தோள் வலிக்கும், இமை தொங்கும், பாவை சுருங்கும், அந்தப் பக்க முகம் வியர்க்காது. 1869இல் இதை விவரித்த சுவிஸ் கண் டாக்டர் பெயரில் ஹார்னர் என்பார்கள். வேறு காரணங்களும் உண்டு, ஆனால் பீடியும் தோள்வலியும் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே நெஞ்சு எக்ஸ்ரே எடுங்கள்.

இன்னொருவர்: எங்கள் மாமாவுக்கு இந்த மாதிரிக் கட்டியை எக்ஸ்ரேயில் காறை எலும்பு மறைத்துவிட்டது, சி.டி. ஸ்கேனில்தான் தெரிந்தது. டாக்டரிடம் கண், தோள் ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேட்டவர்: சரி, நாளைக்கே கூட்டிப் போகிறேன்.